காந்தப் படலங்களும் தரவுச் சேமிப்பும்: பேராதனை ஆய்வு

கணினி வன்தட்டில் தரவைத் தாங்குவது, வட்டின் மேல் மில்லிமீற்றரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில் பூசப்படும் காந்தப் படலம். இத்தகைய படலங்களின் கோட்பாட்டை இலங்கையில் விடாமல் ஆராய்ந்து வருவோரில் பேராதனைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைப் பேராசிரியர் பி. சமரசேகர குறிப்பிடத்தக்கவர். 

படலத்தின் காந்தமாதல் எல்லாத் திசைகளிலும் ஒரே சுலபத்தில் நிற்பதில்லை. அது விரும்பி நிற்கும் திசையே எளிய அச்சு. தொடக்க கால வன்தட்டுகளில் அது தட்டின் தளத்திலேயே படுத்திருந்தது. அதை நிமிர்த்தி நிறுத்தினால் கூடுதல் தரவை நெருக்கி எழுதலாம் என்று ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷுனிச்சி இவாசாகி 1977இல் முன்மொழிந்தார். அவ்வகை வன்தட்டைத் தொஷிபா சந்தைக்குக் கொண்டுவந்தது 2005இல்தான். கருத்துக்கும் கடைக்கும் இடையே 28 ஆண்டுகள்!

சமரசேகர, நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் குயின்ஸ் கல்லூரியைச் சேர்ந்த எப். ஜே. கேடியூவுடன் இணைந்து, லித்தியம், நிக்கல் ஃபெரைட் படலங்களை வெற்றிடக் கலத்தில் படிய வைத்து ஆராய்ந்தார். கட்டுரைகள் 2001இல் வெளியாயின. பின்னர் அவரது கவனம் பெரிதும் கணக்கின் பக்கம் திரும்பியது. ஹைசன்பேர்க் ஹமில்ட்டோனியன் என்னும் ஆற்றல் சமன்பாட்டில் அணுக்களின் தற்சுழற்சிப் பரிமாற்றம், இருமுனை இடைவினை, திசைச்சார்பு, புறக் காந்தப்புலம், காந்தநீக்கக் காரணி, தகைப்பு ஆகியவற்றைச் சேர்த்து, ஆற்றல் மிகக் குறையும் கோணத்தைத் தேடுவது இம்முறை. அந்தக் கோணமே எளிய அச்சு. படலத்தின் தடிப்பு மாற அதுவும் மாறுகிறது. 2006இல் தடித்த ஃபெரோகாந்தப் படலங்களுக்கான தீர்வு வெளியானது. ஃபெரைட் படலங்களுக்கும் உயர்வரிசைத் திருத்தங்களுக்கும் இம்முறை பின்னர் விரிந்தது. விலையுயர்ந்த ஆய்வுகூடம் இல்லாமலே, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்யக்கூடிய ஆய்வு என்பதால், சிறிய நாடொன்றுக்கு இது விவேகமான தேர்வு.

இந்தத் துறையே பல நாடுகளின் கூட்டு உழைப்பால் வளர்ந்தது. 1988இல் பிரான்சின் ஆல்பேர்ட் ஃபேர்ட்டும் ஜேர்மனியின் பீற்றர் குருன்பேர்க்கும் தனித்தனியே கண்ட மாபெரும் காந்தத்தடை விளைவை (காந்தப்புலத்தால் படலத்தின் மின்தடை பெரிதும் மாறுவதை), 1997இல் ஐ.பி.எம். வன்தட்டின் வாசிப்புத் தலையில் பயன்படுத்தியது. அவ்விருவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஜகதீஷ் மூடேரா, 1995இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், மெல்லிய மின்கடத்தாப் படலத்தினூடாக எலக்ட்ரான்கள் ஊடுருவும்போது மின்தடை இவ்வாறு மாறுவதை அறை வெப்பநிலையிலேயே காட்டினார். அதே காலத்தில் தொஹோகுவில் தெருநொபு மியாசாகியும் அதைச் செய்தார். 2009இல் பக்லி பரிசைப் பகிர்ந்துகொண்டோரில் இருவரும் உண்டு.

தரவை மேலும் நெருக்கி எழுதப் படலத்தின் காந்தத் துகள்களைச் சிறிதாக்க வேண்டும். ஆனால் அவை மிகச் சிறியனவானால் அறை வெப்பமே அவற்றின் திசையைப் புரட்டிவிடும். அதைத் தடுக்க இரும்பு-பிளாட்டினம் கலப்புலோகம் பயன்படுகிறது. அதன் திசைச்சார்பு மிக வலுவானது. ஆனால் எழுதுதலையின் புலம் மட்டும் அதைத் திருப்பப் போதாது. எனவே லேசரால் கணநேரம் சுமார் 400 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி எழுதுகிறார்கள். இம்முறையில் இயங்கும் 30 டெராபைட் வகை வன்தட்டை சீகேட் 2024இல் அறிவித்தது.