அளவுகோலை அளப்பது யார்? உளவியல் மாணவரும் பல்கலைக்கழகத் தேர்வும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவைத் தாண்டி, அகத்தியமலை அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த தேயிலைத் தோட்டம் அது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து, பறித்தவரின் கண்ணெதிரே நிறுக்கப்படும். எடையில் ஐயம் எழுந்தால் அங்கேயே கேட்கலாம். அத்தகைய லயங்களிலிருந்து இறங்கி வந்து உளவியல் இளங்கலையில் சேரும் ஒரு பிள்ளையின் மூன்றாண்டுக் கற்றலோ, பெரும்பாலும் முகமறியாத ஒருவரால், காணாத இடத்தில் நிறுக்கப்பட்டு வந்திருக்கிறது. மனத்தை அளப்பதற்கென்றே கருவிகளை உருவாக்கிய ஒரு துறை, தன் மாணவர்களை மட்டும் இவ்வாறு அளக்க நேர்ந்தது எப்படி?

விடை 1857இல் தொடங்குகிறது. அவ்வாண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் எழுந்த பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. கற்பிப்பது கல்லூரியின் வேலை. வினாத்தாள் அமைத்து, விடைத்தாள் திருத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. கற்பித்தவரும் மதிப்பிடுபவரும் வேறு வேறாயினர். பாரபட்சத்தைத் தவிர்க்க அது ஒரு வழி என்பது மறுக்க முடியாதது. ஆனால் மாணவர் எதைக் கற்றார், எதைக் கற்கவில்லை என்னும் செய்தி வகுப்பறைக்குத் திரும்பி வரும் பாதை அத்துடன் அடைபட்டது.

உளவியல் இந்தக் கட்டமைப்புக்குள் சற்று வேறான ஒன்றைக் கொண்டுவந்தது. 1905இல் பிரஜேந்திரநாத் சீல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்காகச் சோதனை உளவியலுக்குப் பாடத்திட்டம் வகுத்தார். 1916இல், ஹார்வர்டில் ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் அங்கே தனித்துறை தொடங்கியது. 1924இல் மைசூரில், லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற எம்.வி. கோபாலசுவாமி துறையை நிறுவினார். சென்னையில் 1943இலும், கேரளப் பல்கலைக்கழகத்தில் 1957இலும் துறைகள் அமைந்தன. ஆய்வுக்கூடம் இப்பாடத்தின் உறுப்பாயிற்று. முல்லர்-லையர் பலகையில் கோட்டின் நீளத்தை மதிப்பிடச் செய்தல், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைதல், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தல் எனச் சோதனைகளை மாணவரே நடத்தி, செய்முறைப் பதிவேட்டில் எழுதி, வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும். ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று தேர்வாளர் நேரில் கேட்கும் அந்தச் சில நிமிடங்களே, கண்ணெதிரே நிறுக்கும் தராசுக்கு மிக அருகில் வருபவை. ஆயினும் பட்டத்தின் பெரும்பகுதி மதிப்பெண் எழுத்துத் தேர்விடமே இருந்தது.

அந்த எழுத்துத் தேர்வின் நம்பகத்தன்மையை ஆராய்ந்தோருள் இந்தியக் கல்வியோடு நெருங்கிய தொடர்புள்ள ஒருவரும் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழக ஆணையத்தின் உறுப்பினராகவும், டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் இருந்த பிலிப் ஹார்ட்டாக், 1935இல் ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து இங்கிலாந்தில் தேர்வுகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளி வரலாற்றுத் தேர்வின் 15 விடைத்தாள்கள் ஓராண்டுக்கும் மேலான இடைவெளியில் அதே தேர்வாளர்களிடம் மீண்டும் தரப்பட்டன. 14 தேர்வாளர்கள் இருமுறையும் வழங்கிய 210 தீர்ப்புகளில் 92 மாறின. தேர்ச்சி, தோல்வி என்னும் எல்லைகளே இடம் பெயர்ந்தன. தாள் மாறவில்லை, திருத்தியவரும் மாறவில்லை.

ஏற்புடைமை, அதாவது ஒரு சோதனை எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அளக்கிறதா என்பது, இரண்டாவது கேள்வி. கற்றல் நோக்கங்களை நினைவுகூர்தலிலிருந்து மதிப்பிடுதல் வரை ஆறு படிகளாக 1956இல் வகைப்படுத்திய பெஞ்சமின் புளூம், அதன் பின் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தத்துக்கு வழிகாட்டினார். 1958இல் மத்தியத் தேர்வு அலகு உருவாயிற்று. ஆனால் அம்முயற்சியின் களம் உயர்நிலைப் பள்ளி. தேர்வுமுறையே முதலில் சீர்திருத்தப்பட வேண்டியது என்று ராதாகிருஷ்ணன் ஆணையம் 1949இலேயே வலியுறுத்தியிருந்தும், பல்கலைக்கழக வினாத்தாள் நெடுங்காலம் ‘குறிப்பு வரைக’ என்பதிலேயே நின்றது.

ஏற்புடைமைக்கு மொழியும் ஒரு சோதனை. அமெரிக்கரான சி. ஹெர்பர்ட் ரைஸ், பினே நுண்ணறிவுச் சோதனையை லாகூரில் இந்துஸ்தானிக்குத் தகவமைத்து 1929இல் வெளியிட்டார். அந்நிய மொழியில் கேட்ட கேள்வி குழந்தையின் அறிவை அளக்காமல் மொழிப்பயிற்சியை அளந்துவிடும் என்பது அன்றே தெரிந்திருந்தது. இக்கோட்பாட்டை வகுப்பில் படித்துவிட்டு, வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் தோட்டத்து மாணவி அதையே ஆங்கிலத்தில் மூன்று மணிநேரம் எழுதுகிறாள். அவள் பெறும் மதிப்பெண்ணில் உளவியல் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்வதில்லை.

தேர்வையே கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. உளவியல் சொல்வது அதற்கு நேர்மாறானது. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் முந்தினர்; ஒரு வாரத்துக்குப் பின்னரோ, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும், திரும்பப் படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். தேர்வு கற்றலை அளப்பதோடு நில்லாமல் அதை ஆழப்படுத்தவும் செய்கிறது. அதற்கு அது அடிக்கடி நிகழ வேண்டும். பிழை எது என்பது மாணவருக்குத் தெரிய வேண்டும். ஆண்டிறுதியில் ஒரே முறை எழுதி, எண்ணாக மட்டும் திரும்பி வரும் தேர்வு இவ்விரண்டையும் இழந்துவிடுகிறது.

கேரளப் பல்கலைக்கழகத்தில் 2010இல் வந்த பருவமுறை அகமதிப்பீட்டுக்கு 20 விழுக்காடு தந்தது. 2024இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் அது 30 ஆகியிருக்கிறது. கற்பித்தவரிடம் தராசின் ஒரு பகுதி திரும்பியிருக்கிறது. வருகைப்பதிவுக்கும் நகலெடுத்த ஒப்படைப்புக்கும் அந்த 30 செலவானால், 1857இன் அமைப்பு புதிய பெயரில் தொடரும். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து அதன் குறையைச் சொல்லவும், தன் ஊரிலேயே ஒரு சிறு சோதனையை நெறியோடு நடத்தவும், அதைத் தன் மொழியிலும் விளக்கவும் மாணவியைக் கேட்பதற்கு அது பயன்பட்டால், உளவியல் தான் கற்பிப்பதைத் தானே கடைப்பிடித்ததாகும்.

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் உளவியல் மாணவர் மனப்பாடம் செய்யும் முதல் சொற்களுள் சேரும். அவ்விரு கேள்விகளையும் அவர்கள் எழுதும் வினாத்தாளிடமே கேட்பதற்கான உரிமையும் அந்தப் பாடத்தில் அடங்கும்.