வானலைப் பள்ளி

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதியில், அண்டை வீடே பல மைல் தள்ளி இருக்கும் கால்நடைப் பண்ணைகளில் வளரும் பிள்ளைகளுக்கு இருவழி வானொலி மூலம் பாடம் நடத்துவதற்கென, 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் முறைப்படி தொடங்கப்பட்ட கல்வி அமைப்பே வானலைப் பள்ளி ஆகும். அதற்கு முன்பே அஞ்சல்வழிக் கல்வி அங்கு வேரூன்றியிருந்தது. எனினும் எழுதியனுப்பிய விடை திருத்தப்பட்டுத் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனதால், பிள்ளைக்கு எழுந்த ஐயம் உடனுக்குடன் தீர வழியில்லாமல் இருந்தது.

இப்பள்ளிக்கு அடித்தளமான வலையமைப்பு கல்விக்காகப் பிறந்ததன்று. 1928இல் ஜான் ஃபிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையைத் தொலைவிலிருந்து அழைப்பதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. மின்வசதியே இல்லாத பண்ணைகளுக்காக ஆல்ஃபிரட் டிரேகர் உருவாக்கிய மிதி வானொலியில், மிதிவண்டியில் இருப்பன போன்ற மிதிகளைக் கால்களால் சுழற்றி மின்சாரம் உண்டாக்கிக்கொண்டே, கையால் மோர்ஸ் குறிகளைத் தட்ட வேண்டியிருந்தது. பேச்சொலியை அனுப்பும் வசதி 1930களில் வந்து சேர்ந்தது. வேற்று முகம் கண்டால் கூசி ஒதுங்கும் பண்ணைப் பிள்ளைகளும் இந்த வானொலியைக் கையாளப் பழகியிருப்பதைக் கவனித்து, அதையே வகுப்பறையாக்கலாம் என்று எடுத்துரைத்தவர் தெற்கு ஆஸ்திரேலியக் கல்வியாளர் அடிலெய்டு மீத்கே.

தொடக்கத்தில் ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்பதாக மட்டுமே இருந்த பாடங்களுடன் விரைவிலேயே வினாவிடை நேரமும் சேர்க்கப்பட்டது. வானொலிப் பாடத்தைப் பள்ளியாக்கியது இந்த மறுமொழியே எனலாம். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்பதால், பிள்ளை பொத்தானை அழுத்தி விடையைச் சொல்லி, "ஓவர்" என்று முடித்துப் பொத்தானை விட்ட பிறகே ஆசிரியரின் குரல் கேட்கும். ஒருவர் சொல்லும் விடை எல்லாப் பண்ணைகளிலும் ஒலித்ததால், ஒருவரையொருவர் பார்த்தேயிராத பிள்ளைகள் குரலால் வகுப்புத் தோழர்களாயினர். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் சிற்றலைகள் நெடுந்தொலைவு சென்றன. அதே காரணத்தால் அவ்வடுக்கில் நேரும் மாற்றங்களும், இடிமின்னலின் இரைச்சலும் பாடத்தை அடிக்கடி குலைத்தன.

1956இல் புரோக்கன் ஹில் நகரிலும் பின்னர் வேறு மாநிலங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பள்ளியின் எல்லை மட்டும் ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர். 2000களின் தொடக்கத்தில் வானொலியின் இடத்தைச் செயற்கைக்கோள் வழி இணைய இணைப்பு பிடித்ததும், ஆசிரியரின் முகம் திரையில் தெரிந்தது. ஆனால் நேரடி வகுப்பு நாளின் சிறு பகுதிதான். மீதி நேரம் பிள்ளையின் அருகில் அமர்ந்து பாடத்தாள்களை நடத்துபவர், மிதி வானொலிக்கு முந்திய அஞ்சல்வழிக் காலத்தில் போலவே, பெரும்பாலும் ஊதியமில்லாத தாய்தான்.