பீரங்கி வாயும் தோட்டாப் பொறியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைக் கூறுவோர் அதன் ஆழத்தையும், அதனைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளையும், கடலை நோக்கி ஓங்கிய பாறைமேல் விளங்கும் கோணேசர் கோயிலையும் எடுத்துரைப்பர். இத்துறைமுகத்தை நாடிப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் பிரித்தானியரும் ஒருவர்பின் ஒருவராக வந்த வரலாறும் பலர் அறிந்ததே. ஆயினும் அவ்வரலாற்றினுள் அதிகம் பேசப்படாத பொருள் ஒன்று உண்டு. பீரங்கியையும் துப்பாக்கியையும் யார், எங்கே, எவ்வாறு கெட்டித்தனர் என்பதே அது. மருந்தும் குண்டும் இன்றேல், எத்துணைப் பெரிய பீரங்கியும் வெறும் இரும்புத் தூணேயாகும்.

பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பியது 1620களில். 1639 இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதனைக் கைப்பற்றினர். பிற்காலத்தில் அவர்கள் துறைமுக வாயிலைக் காக்கும் மேட்டில் ஒசுத்தன்பேக்குக் கோட்டையையும் அமைத்தனர். இக்கோட்டைகளின் பீரங்கிகள் யாவும் வாய்வழி கெட்டிக்கப்படுபவை. ஒரு வேட்டு முடிந்ததும், நனைத்த துடைப்பக்கோலைக் குழலினுள் செலுத்தி, எஞ்சிய தணலை அவித்தல் வேண்டும். பின்பு மருந்துப் பொதியையும் அதன்மேல் குண்டையும் இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்கி, பின்புறத்துச் சிறு துளையில் மருந்து தூவித் தீயிடுவர். தணலை அவிக்க மறந்தால், அடுத்த மருந்துப் பொதி உள்ளே செல்லும்போதே வெடித்து, கோல் பிடித்தவனின் கைகளைப் பறித்துவிடும். ஆதலின் கெட்டிக்கும் வேலை ஒருவனுடையதன்று. ஒருவன் துடைக்க, மற்றொருவன் திணிக்க, வேறொருவன் துளையைப் பெருவிரலால் அடைத்து நிற்பான். ஒருவன் செய்வதை மற்றவன் கண்காணிக்கும் முறை அதனுள்ளேயே அமைந்திருந்தது.

மருந்துப் பொதிகள் பீரங்கி மேடையில் நிரப்பப்படுவதில்லை. தடித்த சுவர்களையுடைய மருந்தறையில் அவை முன்னரே அளந்து கட்டப்பட்டன. அங்கே இரும்புக் கருவிக்கு இடமில்லை. பீப்பாய்களுக்குச் செப்பு வளையம். வேலை செய்வோருக்கு ஆணியில்லாத மெல்லிய காலணி. கப்பல்களின் மருந்தறையில் விளக்கு, கண்ணாடிக்கு அப்பாலுள்ள தனி அறையிலேயே எரிந்தது. வெடியுப்பு பெரும்பாலும் பீகார் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. கடற்காற்றின் ஈரம் பட்டால் மருந்து வலுவிழக்கும். எனவே அதனை உலர்வாகக் காப்பதும் ஓயாத வேலையாயிற்று.

இவ்வேலையின் அருமை 1782 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு சனவரியில் பிரித்தானியக் கடற்படைத் தலைவர் எட்வேட்டு இயூசு, ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தார். ஓகஸ்து மாத இறுதியில் பிரான்சியத் தலைவர் சவ்ரென் அதனைத் தம் வசமாக்கினார். செப்டம்பர் 3 இல் இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே மோதின. சவ்ரெனின் கப்பல்களில் சிலவே நெருங்கிப் போரிட்டன. அவருடைய ஈரோ என்னும் தலைமைக் கப்பலும் அதன் துணைக் கப்பல்கள் இரண்டும் தாக்குதலின் பெரும்பகுதியைத் தாங்கின. தலைமைக் கப்பலில் குண்டு தீர்ந்த பின்னரும், அந்நிலையை எதிரி அறியாதிருக்கும் பொருட்டு மருந்தை மட்டும் வெடித்துக்கொண்டிருந்தனர் எனப் பிரான்சிய நூல்கள் கூறும். ஓசை குறையவில்லை, ஆனால் குழலினுள் குண்டு இல்லை. மாலுமிகளின் துணிவையும் தலைவனின் திறமையையும், நிரப்பும் பொருளின் பற்றாக்குறை ஒரு நொடியில் வீணாக்கவல்லது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கோட்டைக்கு வெளியே, வயலிலும் காட்டோரத்திலும் இதே கலை குடியானவனின் கைக்கும் வந்தது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அவன் வைத்திருந்த வாய்வழித் துவக்கு, வீட்டு முற்றத்திலேயே கெட்டிக்கப்பட்டது. சிரட்டையிலோ மூங்கிற் குழாயிலோ மருந்தை அளந்து, தென்னந்தும்பை அடைத்து, ஈயச் சன்னங்களை இட்டுக் கோலால் இறுக்கினால் வேலை முடிந்தது. இங்கே கண்காணிப்பதற்கு இரண்டாம் ஆள் இல்லை. அளவு தப்பினால் குழல் பிளக்கும். அந்தக் காயம் அவனுக்கே உரியது.

நிரப்பும் முறையில் பெரும் மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. 1853 ஆம் ஆண்டு என்பீல்டுத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் ஒன்றாகச் சுருட்டப்பட்ட காகிதத் தோட்டா வந்தது. சிப்பாய் அதன் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்தல் வேண்டும். அதில் பூசிய கொழுப்பு பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்ற ஐயம், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள தம்தம் ஆயுதசாலையிலிருந்து பரவி, 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. சிப்பாய், வேறொருவர் நிரப்பிய தோட்டாவை வாயில் வைக்கவேண்டியிருந்தது. நிரப்புபவர்மேல் நம்பிக்கை இல்லாதவிடத்துத் தோட்டாவும் பயன்படாது என்பதை அரசு காலங்கடந்தே உணர்ந்தது.

அதன்பின் 1866 இல் பொக்சர் என்னும் படையதிகாரியின் உலோகத் தோட்டா பிரித்தானியப் படையில் இடம்பெற்றது. பித்தளைக் கூடு வெடித்தபின்னும் அழிவதில்லை. பழைய கேப்பை நீக்கி, கூட்டை உரிய அளவுக்கு அமுக்கி, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டால் அது மீண்டும் தோட்டாவாகும். அமெரிக்காவின் புல்வெளிகளில் கடைத்தெருவுக்கு நெடுந்தொலைவில் வாழ்ந்த வேட்டைக்காரர், இடுக்கி போன்ற கைக்கருவிகளைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்தனர். சட்டம் இடந்தரும் நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டினர் இன்றும் செய்துவருகின்றனர்.

அவர்களுக்கென உருவான அழுத்துபொறிகளுள் இருவகை குறிப்பிடத்தக்கன. முதல்வகையில் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலையே நடைபெறும். மணிக்கு முடியும் தோட்டாக்கள் குறைவே. இரண்டாம் வகை தொடர்பொறி. அதில் சுழலும் தட்டொன்று பல கூடுகளைத் தாங்கி நிற்கும். ஓர் இழுப்பில் ஒரு கூட்டின் கேப்பு நீங்கும். மற்றொன்றில் மருந்து விழும். வேறொன்றில் குண்டு பொருந்தும். முடிந்த தோட்டா ஒன்று வெளிவரும். மணிக்குச் சில நூறு தோட்டாக்கள் கிடைக்கும்.

விரைவு கூடியபோது பழைய இடரும் புதிய வடிவில் வந்தது. தட்டு ஒருபடி நகரத் தவறினால் ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழும். அத்தோட்டா துப்பாக்கியைச் சிதைக்கும். மருந்து விழாதுபோனால் குண்டு குழலின் நடுவே சிக்கி நிற்கும்; அதனை அறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஆதலின் இத்துறையில் தேர்ந்தோர், புதியவனைத் தொடர்பொறியில் தொடங்க விடுவதில்லை. ஒருபடிப் பொறியில் ஒவ்வொரு செயலையும் கண்ணால் கண்டு பழகிய பின்னரே அடுத்ததை வாங்கச் சொல்வர். வாங்கும்போதும், தட்டு தானே சுழல்வதா, கையாற் சுழற்றுவதா என்று முதலில் வினவுவர். பொறியை மேம்படுத்த நினைப்பவனுக்கு, கூடுகளைத் தானே கொணரும் உறுப்பினும், மருந்தின் அளவு மாறினால் ஒலியெழுப்பி அறிவிக்கும் உறுப்பே முதற்செலவாதல் வேண்டும். கோட்டை மேடையில் பக்கத்தில் நின்று கண்காணித்த இரண்டாம் ஆளின் வேலையை இன்று அவ்வுறுப்பு செய்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் திருகோணமலையின் மருந்தறைகள் பெரும் கடற்படைக் கிடங்குகளாயின. 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. தாக்குதல் வருமென அறிந்து முன்னரே வெளியேறிய ஏர்மிசு என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன் விமானங்களைக் கரையில் விட்டுச் சென்றிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கியபோது முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விமானமில்லாத விமானந்தாங்கி, குண்டில்லாத ஈரோக் கப்பலின் நிலையையே நூற்றறுபது ஆண்டுகளின் பின் அதே கீழைக்கடலில் மீண்டும் காட்டிற்று.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். காக்கும் பொறுப்பும் அத்துடன் கைமாறிற்று. அப்பொறுப்பு எத்தகையது என்பதை 2016 யூன் 5 இல் கொசுகமவுக்கு அருகே சாலாவ இராணுவ முகாமின் வெடிபொருட் கிடங்கு வெடித்து, அயலிலிருந்த வீடுகளும் சிதைந்தபோது நாடு முழுவதும் கண்டது. மருந்தறைக் காவலனின் ஆணியில்லாத காலணியும், பீரங்கித் துளையை அடைத்து நின்றவனின் பெருவிரலும், தொடர்பொறியின் எச்சரிக்கை ஒலியும் ஒரே கடமையின் மூன்று வடிவங்களாகும். நிரப்பும் விரைவைப் பெருக்குவோர், அவ்விரைவைக் கண்காணிக்கும் கண்ணை அதற்கு முன்னரே அமைத்துக்கொள்ளல் வேண்டும்.