காமினி என்றொரு பெயர்: மாயாஜாலப் படங்களின் இசை, எழுத்து, பெயர்ப்பட்டியல்

1949ஆம் ஆண்டில் பம்பாய் டாக்கீஸ் தயாரிப்பில், கமால் அம்ரோஹி இயக்கிய 'மகல்' வெளிவந்தது. ஆளரவமற்ற மாளிகை, இரவில் ஆடும் ஊஞ்சல், எங்கிருந்தோ மிதந்து வரும் ஒரு பெண்குரல். கேம்சந்த் பிரகாஷ் இசையமைத்த அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது. பாடியவர் யார் என்று கேட்டு வானொலிக்கு நேயர்கள் எழுதினார்கள். இசைத்தட்டில் அச்சிடப்பட்டிருந்த பெயர் 'காமினி'. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியவர், இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த லதா மங்கேஷ்கர். கதையில் மட்டும் இருந்தவளுக்கு இசைத்தட்டில் இடம் கிடைத்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாடியவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் தனிப்பட்ட வஞ்சகம் எதுவும் இல்லை. திரையில் வாயசைப்பவரே பாடுகிறார் என்ற தோற்றம் கலையக்கூடாது என்பது அக்காலத் தொழில் வழக்கம். நேயர்கள் விடாது கேட்ட பிறகே பாடியவரின் பெயர் வானொலியில் சொல்லப்பட்டது. 1954இல் தொடங்கிய பிலிம்பேர் விருதுகளில் பின்னணிப் பாடகருக்கென ஒரு விருது 1959இல்தான் ஏற்பட்டது. அதற்கும் லதா வாதாட வேண்டியிருந்தது.

மாயாஜாலப் படம் என்ற வகைமையின் அடிப்படைச் சிக்கல் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. மற்ற படங்களில் உழைப்பு ஓரளவேனும் கண்ணில் படும். மாயாஜாலப் படத்திலோ வேலை எவ்வளவு செம்மையாக அமைகிறதோ, அவ்வளவுக்குச் செய்தவர் மறைந்துபோகிறார். விஜய் பட் இயக்கிய 'குவாப் கி துனியா' (1937) படத்தில் பொருள்கள் தாமாக அசையும்படி செய்த பாபுபாய் மிஸ்திரிக்குத் தொழில் வட்டாரத்தில் வழங்கிய பட்டப்பெயர் 'காலா தாகா', அதாவது கறுப்பு நூல். கறுப்புப் பின்னணியில் கறுப்பு நூலைக் கட்டிப் பொருள்களை நகர்த்துவது அவர் கையாண்ட உத்தி. நூல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் காட்சி தோற்றது. தெரியாவிட்டால் அதை இழுத்த கை இருந்ததற்கே தடயமில்லை. அந்தக் கையைப் பற்றிப் பார்வையாளரிடம் படமே சொல்லும் இடம் ஒன்றுதான்: பெயர்ப்பட்டியல்.

இன்று ஊடகவியல் துறைகளிலும் திரைப்படக் கல்லூரிகளிலும் மாயாஜாலக் குறும்படம் எடுக்கும் மாணவர்கள், முன்னோட்டத்தை வெட்டி முடித்தபின், ஒப்படைப்பதற்கு முந்திய இரவில் மூன்று முடிவுகளை எடுக்கிறார்கள்: எந்த இசை, எந்த எழுத்துரு, யார் யார் பெயர். ஒப்பனை வேலையாகக் கருதப்படும் இம்மூன்றுக்கும் இந்தியத் திரையில் நெடிய வரலாறு உண்டு.

முதலில் இசை. 'மகல்' பாட்டின் தொடக்க வரிகளில் குரல் தொலைவிலிருந்து நெருங்கி வருவதுபோல் கேட்கும். ஒலிவாங்கிக்கு எட்டத்தில் நின்று பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே நடந்து வந்ததாக லதா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆவியின் வருகையை உணர்த்தியது ஒரு பெண் தரையில் நடந்த சில அடிகள். விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே தேவைப்படவில்லை. ஆவி எங்கே நிற்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தேவைப்பட்டது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தாவில் சத்யஜித் ராய் எடுத்த 'கூப்பி காயேன் பாகா பாயேன்' (1969) இக்கேள்வியை இன்னும் விரிவாக எழுப்பியது. அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி, தாம் 1913இல் தொடங்கிய 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழில் எழுதிய கதை அது. பாடத் தெரியாத ஒருவனும் மேளம் கொட்டத் தெரியாத ஒருவனும் காட்டில் பேய்களின் அரசனைச் சந்தித்து மூன்று வரங்கள் பெறுகிறார்கள். கேட்டவர் அசையாது நின்றுவிடும்படியான இசை அவற்றுள் ஒன்று. இசையே மாயமாக இருக்கும் கதைக்கு இசை தேர்வது எளிதன்று. தொடக்கத்தில் ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் ஆகியோரின் இசையோடு படமெடுத்த ராய், 'தீன் கன்யா' (1961) முதல் தம் படங்களுக்குப் பெரும்பாலும் தாமே இசையமைத்துவந்தார். இப்படத்தின் பாட்டுகளையும் அவரே எழுதினார்.

படத்தின் நடுநாயகமான பேய் நடனத்தில் நான்கு வகைப் பேய்கள் ஆடுகின்றன: அரசர்கள், எளிய குடிமக்கள், வெள்ளையர்கள், கொழுத்துப் பருத்தவர்கள். அதற்கு ராய் நாடியது கருநாடக இசையின் தாளவாத்தியக் கச்சேரியை. செவ்வியல் மதிப்புடைய மிருதங்கம் அரசர்களுக்கு; நாட்டார் சாயல் கலந்த கஞ்சிரா குடிமக்களுக்கு; இறுகிய ஒலியுடைய கடம் வெள்ளையர்களுக்கு; நகைப்பூட்டும் மோர்சிங் பருத்தவர்களுக்கு. இராகமும் இல்லை, பாட்டும் இல்லை. வங்கத்துக் காட்டுப் பேய்கள் தென்னாட்டுத் தாளத்துக்கு ஆடுவதை யாரும் பொருந்தாதது என்று கருதவில்லை. காரணம், ஒவ்வொரு வாத்தியமும் ஒரு சமூகப் பிரிவைச் சுட்டுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அயலானது என்பதால் அன்றி, கதைக்குள் ஒரு வேலை அதற்கு இருந்ததால் அது அங்கே இடம்பெற்றது.

மாணவர் முன்னோட்டங்களில் இன்று கேட்கும் இசையில் பெரும்பகுதி இணைய நூலகங்களிலிருந்து வருகிறது. பேரிகை முழக்கம், மொழி தெரியாத கூட்டுக்குரல், இறுதியில் ஓர் அதிர்வு. அசாமின் சூனியக் கதைக்கும் கொங்கணக் கடற்பேய்க்கும் அதே முழக்கம். இந்த உலகில் வாழ்பவர்கள் யார், அவர்கள் கையில் என்ன வாத்தியம் இருக்கும் என்ற கேள்வி கேட்கப்படாதபோது, மாயம் எந்த ஊருக்கும் உரியதாகாமல் போகிறது.

அடுத்தது எழுத்து. இந்தித் திரைப்படங்கள் நெடுங்காலம் தம் தலைப்பை ரோமன், தேவநாகரி, உருது ஆகிய மூன்று எழுத்து முறைகளிலும் காட்டின. தேவநாகரி மேற்கோட்டிலிருந்து தொங்கும். உருது சாய்ந்து இறங்கும். ரோமன் அடிக்கோட்டின்மீது நிற்கும். இம்மூன்றையும் ஒரே மனநிலையில் ஒரே சட்டத்துக்குள் நிறுத்தியவர்கள் தூரிகை பிடித்த எழுத்தோவியர்கள். தலைப்பு மூன்று எழுத்துகளில் வந்தாலும், உள்ளே வரும் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தது. விளக்குத் தூக்கியவரும் தையல்காரரும் தம் பெயர் திரையில் ஓடியபோது அதைப் படிக்க முடியாதவர்களாக இருந்திருக்கக் கூடும்.

ராய் இத்துறைக்கு வெளியிலிருந்து வந்தவரல்லர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடமும் வினோத் பிஹாரி முகர்ஜியிடமும் பயின்று, 1943இல் கல்கத்தாவில் டி. ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை வரைந்தார். தம் படங்களின் விளம்பரத் தாள்களையும் தலைப்பெழுத்துகளையும் அவரே எழுதினார். அவர் வடிவமைத்த 'ராய் ரோமன்', 'ராய் பிசார்' என்ற ரோமன் எழுத்துருக்கள் 1971இல் பன்னாட்டுப் போட்டியில் பரிசு பெற்றன. வங்க எழுத்தின் வளைவையும் தூரிகையின் அழுத்தத்தையும் அறிந்த கை, தலைப்பைப் படிக்கும் முன்பே படத்தின் குணத்தைப் பார்வையாளருக்கு உணர்த்தியது.

கணினி வந்தபின் எழுத்தோவியரின் இடத்தை எழுத்துருக் கோப்பு பிடித்தது. பழைமைத் தோற்றம் வேண்டுமெனில், ரோமன் எழுத்துகளின் தலையில் தேவநாகரியின் மேற்கோட்டை ஒட்டவைத்த எழுத்துரு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது இந்தியாவைச் சுட்டுமே தவிர, எந்த இந்திய மொழியையும் எழுதாது. இன்னொரு தொல்லையும் உண்டு. இந்திய எழுத்துகளைச் சரிவரக் கோக்கத் தெரியாத படத்தொகுப்பு மென்பொருள்களில் கூட்டெழுத்துகள் பிரிந்து நிற்கும். உயிர்க்குறிகள் இடம் மாறிவிழும். தலைப்பில் நேர்ந்தால் உடனே திருத்திவிடுவார்கள். பெயர்ப்பட்டியலின் கடைசி வரியில் நேர்ந்தால் எவர் கண்ணிலும் படாமல் வெளியாகிவிடும். சிதைந்து நிற்பது யாரோ ஒருவரின் பெயர்.

மூன்றாவது, பெயர்கள். இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாயின் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. பார்சி நாடக மரபில் வந்த அந்த அரசகுலக் கதையின் படச்சுருள் இன்று ஒன்றுகூட எஞ்சவில்லை. எஞ்சியவை விளம்பரங்கள், நிழற்படங்கள், அச்சுத்தாள்கள். தொடக்ககாலப் பேசும்படங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. அரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களே பிற்கால ஆய்வாளருக்கு யார் பாடினார், யார் எழுதினார் என்பதற்குச் சான்று. 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் படச்சுருள்களோடு இத்தாள்களையும் திரட்டியது. படம் அழிந்தபின்னும் அதன் அறிவிப்பு வாழ்கிறது; அறிவிப்பில் இல்லாத பெயர் வரலாற்றிலும் இல்லை.

பெயர் மறைவதற்குச் சட்டமும் துணைநின்றது. படத்துக்கென ஊதியம் பெற்று உருவாக்கிய இசைக்கு, எதிரான ஒப்பந்தம் இல்லையெனில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் தனிக்குறிப்பு எழுதிய நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர், பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதைச் சுட்டினார். அன்றைய சட்டத்தின் பார்வையில் இசைப்படைப்பு என்பது எழுத்தில் குறிக்கப்பட்டது. செவிவழி வளர்ந்த மரபில் குரலுக்கும் விரலுக்கும் அச்சொற்றொடரில் இடமில்லை. 1994இல் வந்த திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றது. 2012 திருத்தம், தம் நிகழ்த்துதலுக்கு உரியவராக அடையாளம் காட்டப்படும் உரிமையை நிகழ்த்துநருக்குத் தந்தது.

அதே திருத்தத்தில் பலரும் கவனிக்காத ஒரு வரம்பும் இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ சிறு துணையாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் அவர் குறிக்கப்படாவிட்டால், அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார். அவருடைய நிகழ்த்துதலைச் சிதைப்பதற்கு எதிரான பாதுகாப்பு ஒன்று மட்டுமே அவருக்கு மிஞ்சும். ஆக, பெயர்ப்பட்டியல் நன்றி நவிலும் ஏடு மட்டுமன்று. விளிம்பில் நிற்கும் கலைஞர் சட்டத்தின் கண்ணில் கலைஞரா, அல்லரா என்பதை முடிவுசெய்வதில் அதற்கும் பங்கு உண்டு.

மாணவர் முன்னோட்டத்துக்கு இவ்வரலாறு நேரடியாகப் பொருந்துகிறது. கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாக, அதன் ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோருக்குள் ஒரு படத்தைத் திரையிடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. முன்னோட்டம் இணையத்தில் ஏறும் கணத்தில் பார்வையாளர் வட்டம் அவ்வரம்பைத் தாண்டிவிடுகிறது. தியாகராசரின் கீர்த்தனை அனைவருக்கும் பொது. அதைச் சென்ற ஆண்டு ஒருவர் பாடிப் பதிந்த ஒலித்தடம் பொது அன்று. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. திறந்த உரிமத்தில் கிடைக்கும் இந்திய மொழி எழுத்துருக்கள் இன்று குறைவில்லை. பக்கத்து அறைத் தோழியின் முனகலை ஆவியின் குரலாகப் பதிந்திருந்தால், அவர் பெயருக்குத் தேவைப்படுவது ஒரு வரி. ஒன்றரை நிமிட முன்னோட்டத்தில் அனைவரையும் குறிக்க இடமில்லை என்றால், காணொலியின் விளக்கக் குறிப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

'மகல்' கதையின் இறுதியில், மாளிகையில் உலவியது ஆவி அன்று, தோட்டக்காரரின் மகள் ஆஷா என்பது தெரியவருகிறது. தன் ஆவிக்கு உண்மைப் பெயரைத் திருப்பித் தர அந்தக் கதைக்கு முடிந்தது. அதன் இசைத்தட்டுக்கு முடியவில்லை. அதற்கு நேயர்கள் கடிதம் எழுத வேண்டியிருந்தது.