கம்பம் பள்ளத்தாக்கின் நாட்டுப்பாடல்கள்

ஏலமலைக்கும் மேகமலைக்கும் இடையே, பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் தேனி மாவட்டத்து வயல்வெளிகளில், ஏட்டில் ஏறாமல் வாய்மொழியாகவே வழங்கிவரும் தெம்மாங்கு, நடவுப்பாட்டு, தாலாட்டு, கும்மி, முளைப்பாரிப் பாட்டு, ஒப்பாரி ஆகியவை இத்தலைப்பில் அடங்கும்.

இவை நிலைத்திருப்பதற்கு முதற்காரணம் இவற்றின் அமைப்பேயாகும். ஒருத்தி முன்பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவதாலும், சில ஸ்வரங்களுக்குள்ளேயே மெட்டு சுழல்வதாலும், நாற்றை ஊன்றும் கையின் கதியே தாளமாகிவிடுவதாலும், ஒருமுறை கேட்டவர் மறுமுறை தாமே பாடுகிறார். அதனினும் பிரதானமானது, பாடுபவர் தம் ஊர்ப்பெயரையும் உறவின்முறையையும் தம் துக்கத்தையும் அதில் தடையின்றிச் சேர்த்துக்கொள்ளும் சுதந்திரம். நேரில் சொல்லவியலாத மனவேதனையைப் பெண்கள் பாட்டில்தான் சொன்னார்கள்.

இம்மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராஜன் இம்மெட்டுகளைப் பொதுவுடைமைப் பிரசார மேடைக்குக் கொண்டுசென்றார்; அவருடன் ஊரூராகச் சென்ற தம்பி இளையராஜா, 1976-ல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வாயிலாக இம்மண்ணின் சாயலைத் தமிழகமெங்கும் பிரசித்தமாக்கினார். அடுத்த ஆண்டே அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் ‘பதினாறு வயதினிலே’ அதற்குத் துணைநின்றது. ஆயினும் திரைப்பாட்டு ஒரே வடிவில் உறைந்துவிடுவது. வயற்பாட்டோ பாடுந்தோறும் புதிதாவது. ஆகவே மூலத்தின் ஸ்தானத்தைத் திரைப்பாட்டு பெறாது.

நடவுப்பாட்டு அறிந்த மூதாட்டிகள் இன்றும் இவ்வூர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பாடக்கேட்டு ஒலிப்பதிவு செய்துவைப்பது இம்மாவட்டத்துக் கல்லூரிகளின் உடனடிக் கடமை.