மேற்கு மேடா, பள்ளமா? திசைச்சொல்லும் மனித உள்ளமும்

கிழக்கு என்னும் சொல் ‘கீழ்’ என்பதிலிருந்தும், மேற்கு என்னும் சொல் ‘மேல்’ என்பதிலிருந்தும் பிறந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சரியும் நிலத்தில் வாழ்ந்தோர் இட்ட பெயர்கள் இவை. மலைக்கு அப்பால் நிலம் எதிர்ப்புறமாகச் சரிகிறது. எனினும் மலையாளம் ‘கிழக்கு’ என்பதை விடவில்லை. மேற்கை மட்டும், ஞாயிறு படியும் திசை என்ற பொருளில் ‘படிஞ்ஞாறு’ என்கிறது. 1856-இல் ஒப்பிலக்கண நூலை வெளியிட்ட கால்டுவெல், மலையாளிகளின் முன்னோர் கிழக்கிலிருந்து வந்தோர் என்பதற்கு இச்சொல்லைச் சான்றாக்கினார்.

இடுக்கி மாவட்டத்து மாட்டுப்பட்டியில் இம்முரண் கண்ணெதிரே நிற்கிறது. அங்குள்ள அணையின் நீர் முதிரப்புழை வழியே பெரியாற்றைச் சேர்ந்து மேற்கே அரபிக்கடலுக்கு இறங்குகிறது. தேயிலைத் தோட்ட வேலைக்குச் சமவெளியிலிருந்து மலையேறிய தமிழர்களோ ‘மேற்கு’ என்ற சொல்லைத் தம்முடன் கொண்டுவந்தனர். சொல்லின் வேர் பேசுவோர் உள்ளத்தில் உயிரோடு இருக்கிறதா, வரலாற்றின் எச்சமாக மட்டும் நிற்கிறதா? சொற்பிறப்பியல் தனித்து இதற்கு விடை கூற இயலாது.

1990-களில் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சார்ந்து ஆய்ந்த எரிக் பெடர்சன், தமிழரிடையே இடவுணர்வைச் சோதித்தார். சிற்றூரார் அருகிலுள்ள பொருளையும் ‘வடக்கே’, ‘தெற்கே’ எனச் சுட்ட, நகரத்தார் ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ என்றனர். ஒரு மேசையில் கண்ட அமைப்பை நினைவிற்கொண்டு, திரும்பி நின்று செயற்படும் சோதனைகளில், நினைவும் பேச்சு வழக்கத்தையே பெரிதும் தழுவிச் சென்றது. மொழி ஒன்று; நினைவின் வழி இரண்டு. ஆகவே ‘தமிழர் இவ்வாறு சிந்திக்கின்றனர்’ என்னும் பொதுமை அங்கேயே உடைகிறது. வேறுபாட்டை விளக்க ஊர், தொழில், கல்வி ஆகியவற்றை ஆராயும் சமூகவியல் தேவைப்படுகிறது.

2002-இல் பெக்கி லியும் லீலா கிளைட்மனும் இவ்வகை ஆய்வுகளை மறுத்தனர். சோதனை நடக்கும் சூழலில் தென்படும் அடையாளங்களை மாற்றினால் விடையும் மாறும் என்பது அவர்கள் வாதம். லெவின்சன் குழுவினர் அதே ஆண்டில் மறுமொழி அளித்தனர். இருதரப்புக்கும் நடுவே எஞ்சும் உண்மை ஒன்று: சோதனைக்கூடமும் ஒரு சமூகச் சூழலே.

இது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. இடம், வலம் என்னும் அளவுகோலால் மட்டும் அறிவை மதிப்பிடும் தேர்வு, திசையாலும் சரிவாலும் இடத்தை அறியும் குழந்தையின் திறனைக் குறையாக எண்ணிவிடும். அளப்பதற்குமுன் அக்குழந்தையின் ஊரை அறிவது சமூக அறிவியலின் பணி. சொல்லை மட்டும் கண்டு உள்ளத்தை ஊகிக்காதவாறு தடுப்பது அறிதல் அறிவியலின் பணி. மாட்டுப்பட்டியின் சரிவில் இவ்விரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.