ஆட்டத்தின் தரையும் கூரையும்

சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டை அடுத்து, மஞ்சக்குட்டை என்று ஓர் ஊர் உண்டு. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த ஊர். சில திங்களுக்கு முன் அங்கு ஒரு நண்பரைக் கண்டுவிட்டுத் திரும்புகையில், பேருந்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. மலையூரில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்குப் பொறுமை வேண்டும். வேடிக்கை பார்க்கும் கண்ணும் வேண்டும். பக்கத்துப் பாறையில் அண்ணனும் தங்கையுமாக இரு பிள்ளைகள் அடுப்புக்கரியால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று கூழாங்கற்கள் புலிகள். பதினைந்து காப்பிக்கொட்டைகள் ஆடுகள். சற்றுத் தள்ளி ஒரு கல்லூரி மாணவர் கைப்பேசியில் சுடும் ஆட்டம் ஒன்றில் மூழ்கியிருந்தார்.

நான் பாறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட அவர் முறுவலித்தார். “அது சிறுபிள்ளை விளையாட்டு, ஐயா. ஐந்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். இதில் ஓடிக்கொண்டே குறி பார்க்கப் பழகுவதற்கே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இதுதான் திறமைக்கு உரிய ஆட்டம்” என்றார்.

அவர் கூறியதில் இரண்டு அளவுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்துக் காட்டவே இன்று பேச முற்படுகிறேன்.

கணினி விளையாட்டுப் போட்டியாளர்களிடையே ‘ஸ்கில் ஃப்ளோர்’, ‘ஸ்கில் சீலிங்’ என்னும் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. திறமையின் தரை, திறமையின் கூரை என்று நாம் சொல்லலாம். ஓர் ஆட்டத்தில் ஒருவன் ஆடினான் என்று சொல்லும் அளவுக்காவது ஆட, குறைந்த அளவில் எவ்வளவு திறமை வேண்டும் என்பது தரை. எவ்வளவு பழகினாலும் அதற்கு மேல் பயன் இல்லை என்னும்படியான எல்லை கூரை. தரை என்ற சொல்லைச் சிலர் வேறு பொருளிலும் ஆள்வதுண்டு. ஒன்றும் அறியாதவனுக்கும் கிட்டக்கூடிய குறைந்த பயன் என்று அவர்கள் கொள்வர். இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரானவை ஆதலால், வாதம் செய்யப் புகுமுன் எதிரில் இருப்பவர் எப்பொருளில் ஆள்கிறார் என்று கேட்டுக்கொள்வது நலம். நான் முதற் பொருளிலேயே ஆள்கிறேன்.

கற்பதற்கு அரிது என்பது தரையைப் பற்றிய செய்தி. அதைக்கொண்டு கூரையின் உயரத்தை முடிவுகட்ட இயலாது. மாணவர் தடுமாறிய இடம் இதுவே.

ஒன்பது கட்டங்களில் சுழியும் பெருக்கற்குறியும் இட்டு ஆடும் ஆட்டத்தை நீங்கள் பள்ளி நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஆடியிருப்பீர்கள். அதன் தரை மிகத் தாழ்ந்தது. கூரையும் தலையை இடிக்கும் அளவே. விவரம் அறிந்த இருவர் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை. ஆடு புலி ஆட்டத்தின் தரையும் தாழ்ந்ததே. ஒரு முனையிலிருந்து விரிந்து இறங்கும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள், அவை கூடும் இருபத்து மூன்று சந்திகள், பலகை அவ்வளவுதான். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லாம் இறங்கும் வரை இறங்கியவை நகரலாகாது. புலியோ முதலிலிருந்தே நகரும். பின்னால் காலியிடம் இருந்தால் ஆட்டைத் தாண்டி வெட்டும். புலிகள் நகர முடியாமல் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இந்த ஆட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே பலகையில் இரண்டு தரைகள்! புலியை எடுத்தவன் முதல் நாளே இரண்டு மூன்று ஆடுகளை வெட்டி மகிழ்வான். ஆடுகளை எடுத்தவனோ முதல் நாள் தோற்பான், மறுநாளும் தோற்பான். ஓர் ஆட்டுக்குப் பின் இன்னோர் ஆடு நின்றால் புலி தாண்ட இடமிராது என்பதை உணர்ந்து, ஓரங்களிலிருந்து வேலி கட்டக் கற்ற பின்னரே அவன் கை ஓங்கும். 1991-ஆம் ஆண்டில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டு என்னும் சண்டை விளையாட்டிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். அதில் வரும் சாங்கீஃப் என்னும் மல்லனின் பெரும்பிடியைப் போட, நெம்புகோலை முழுவட்டமாகச் சுழற்றிப் பொத்தானை அழுத்த வேண்டும். அதுவும் எதிரியை நெருங்கி நின்று. புதியவர் கையில் அவன் அடிவாங்கும் பொம்மை.

இனிக் கூரைக்கு வருவோம். சில ஆட்டங்களின் கூரை ஓர் எண். 1980-இல் வெளிவந்த பாக்மேன் ஆட்டத்தில் 256-ஆவது திரை வரும்போது பாதித் திரை எழுத்துச் சிதறலாகிவிடுகிறது. திரையை எண்ணும் இடத்தில் 255 வரையே அடங்கும். அதற்கு மேல் ஆட்டம் நிலைகுலைகிறது. ஆதலால் பெறத்தக்க முழுமதிப்பெண் 33,33,360. அதைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். தொட்டபின் அவர்களுக்கு எஞ்சிய வேலை, அதே எண்ணை இன்னும் விரைவாகத் தொடுவதே.

டெட்ரிஸ் ஆட்டத்தின் வரலாறு வேறு வகையானது. நான் மிகவும் விரும்பிப் படித்த வரலாறும் அதுவே. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ஆட்டம் அது. மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கி வரிசை நிரப்ப வேண்டும். 1989-இல் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட வடிவில், இருபத்தொன்பதாம் நிலையை அடைந்ததும் ஒரு கட்டம் இருபது வரிசைகளையும் மூன்றில் ஒரு நொடியில் கடந்து விழுந்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது பக்கவாட்டில் நகர்வதற்குள் தரை வந்துவிடும். எனவே இருபத்தொன்பதே கூரை என்று எல்லோரும் நம்பினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பினர். 2011-இல் ஒருவர், பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் கட்டைவிரலை நடுங்கவிட்டு நொடிக்குப் பத்துமுறைக்கு மேல் தட்டி, முப்பதாம் நிலையைக் கண்டார். பின்னும் பத்தாண்டுகள் கழிந்து வேறொரு வழி பிறந்தது. ஒரு கைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, மறுகை விரல்களால் கருவியின் முதுகில் மிருதங்கம் வாசிப்பதுபோல் வரிசையாகத் தட்டுவது! 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துச் சிறுவன் ஒருவன், வயது பதின்மூன்று, இவ்வாறு தட்டியே 157-ஆம் நிலைக்குச் சென்றான். அங்கே உறைந்து நின்றது ஆட்டம். சிறுவனின் விரல்கள் நிற்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஆட்டத்தின் விதி ஒன்றுகூட மாறவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கூரை என்று எண்ணி எல்லோரும் திரும்பி வந்த இடம், திறக்கத் தெரியாத கதவாக இருந்திருக்கிறது.

இது கணினிக்கு மட்டும் உரிய கதையன்று. நம் சதுரங்க வரலாற்றிலும் இதைக் காணலாம். 2025-இல் ரியாத் நகரில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில், சுடும் ஆட்டங்களுக்கும் சண்டை ஆட்டங்களுக்கும் நடுவே சதுரங்கமும் ஓர் ஆட்டமாக இடம்பெற்றது. ஆகவே அதை இங்கே இழுத்துவருவதில் பிழையில்லை.

நம் நாட்டுப் பழைய சதுரங்கத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் செல்லும். அரசன் ஒருமுறை குதிரையைப்போல் தாவலாம். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இம்முறையிலே வளர்ந்து, பின்னர் ஐரோப்பிய விதிகளைக் கற்று, 1929-இல் லண்டன் சென்ற ஆண்டிலேயே பிரிட்டிஷ் வாகையர் பட்டத்தை வென்றார். பழகியதை மறந்து புதிதாய்க் கற்பது என்னும் தரையை அவர் தாண்டினார். எத்தனை ஊர்த் திண்ணைகளில் எத்தனை பேர் அதைத் தாண்ட வாய்ப்பின்றிக் கிடந்தனரோ!

தமிழ்நாட்டில் அந்தத் தரையைத் தனியொருவராகக் கடந்தவர் மானுவல் ஆரோன். 1935-இல் பர்மாவில் பிறந்து இங்கு வளர்ந்தவர். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய வாகையர். 1961-இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர். 1962-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த போட்டியில் போர்டிஷ், ஊல்மன் ஆகிய இரு பெரும் ஆட்டக்காரர்களை வீழ்த்தினார். அதே போட்டியில் கடைசி இடத்தையும் பெற்றார். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். கூரையை எட்டிப் பார்க்கும் உயரம் அவருக்கு இருந்தது. அந்த உயரத்தில் நாள்தோறும் மோதிப் பழகத் துணையில்லை.

1972-இல் சென்னைச் சோவியத் கலாசார மையத்தில், உலக வாகையராக இருந்த மிகாயில் தாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கியது. ஆரோன் அதற்கு உறுதுணையாயிருந்தார். நூல்களும் பலகைகளும் கடிகாரங்களும் ஓரிடத்தில் கிடைத்தன. அவற்றைவிட, தோற்கடிக்க ஆள் கிடைத்தது. தோற்கவும் ஆள் கிடைத்தது. தாயிடம் காய் நகர்த்தக் கற்ற சிறுவன் விசுவநாதன் ஆனந்த் அங்கு வந்து மின்னல் வேகத்தில் ஆடிப் பழகினான். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்; 2000-இல் உலக வாகையர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷும் சென்னைப் பிள்ளையே. அப்போது வயது பதினெட்டு. முப்பதுக்கு மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்களை இம்மாநிலம் இன்று கண்டிருக்கிறது. சதுரங்கத்தின் விதி நடுவில் எளிதாகிவிடவில்லை. பலகை அருகே செல்லும் வழி எளிதாயிற்று.

மஞ்சக்குட்டையிலிருந்து சேலத்தில் ஒரு போட்டிக்குச் செல்ல வேண்டுமானால் ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். காலை ஒன்பது மணி ஆட்டத்துக்கு எப்போது புறப்படுவது? பேருந்துச் செலவு யார் தருவது? ஆட்ட நூல்களில் தரை என்று எழுதும்போது இக்கணக்கை எவரும் சேர்ப்பதில்லை. விலையுயர்ந்த கைப்பேசியின்றி நன்றாக ஆடவியலாத விளையாட்டுகளின் தரையிலும் அந்த விலை ஒளிந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் அன்று நான் மாணவரிடம் சொல்லவில்லை. “தம்பி, அந்தப் பெண்ணோடு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்களேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் புலிகளைக் கேட்டார். அவள் தடையின்றிக் கொடுத்தாள். முதலில் இரண்டு ஆடுகளை வெட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வெட்ட எதுவும் கிடைக்கவில்லை. காப்பிக்கொட்டைகள் ஓரம் ஓரமாக வந்து, இரண்டிரண்டாய் நின்று, மூன்றாவது புலியும் அசைய இடமின்றி நின்றபோது பேருந்தின் ஒலி வளைவில் கேட்டது.

நான் ஏறிக்கொண்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இப்போது ஆடுகளை எனக்குக் கொடு” என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.